கள்ளத் துவக்கு எங்கே பிறக்கிறது? துணைப்படைகளும் நாடு கடந்த ஆயுத வியாபாரமும்

மட்டக்களப்பு கொக்கட்டிச்சோலைப் பக்கம் எங்கள் பெரியப்பாவின் வளவில் மலசலகூடக் குழி வெட்டிக்கொண்டிருந்த பெடியனின் மண்வெட்டி 'ணங்' என்று எதிலோ தட்டியது. நாலடி ஆழம் இருக்கும். உரப்பையில் சுற்றி, அதற்கு மேல் கறுப்புப் பொலித்தீன் சுற்றி, நைலோன் கயிற்றால் வரிந்து கட்டிய ஒரு துவக்கு. பொலித்தீன் கிழிந்த இடத்தால் தண்ணீர் இறங்கி மரப்பிடி பாதி உக்கிப்போயிருந்தது. அதிரடிப்படை முகாமுக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை பத்துப் பன்னிரண்டு பேர் எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

சும்மா நிற்போமா? வாதம் தொடங்கிவிட்டது. இயக்கம், அதாவது புலிகள், புதைத்தது என்றார் ஒருவர். இல்லை, ஒட்டுக்குழுக்காரர் விற்பதற்கு ஒளித்து வைத்தது என்றார் இன்னொருவர். கடலால் கள்ளக் கப்பலில் வந்த சாமான் என்று மூன்றாவது ஆள் அடித்துச் சொன்னார். எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. கடைசியில் பெரியப்பா என் பக்கம் திரும்பி, "மனே, நீ படிச்சவன்தானே, இத ஆரு ஆருக்கு வித்திருப்பான்?" என்று கேட்டார். அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஒழுங்காகச் சொல்ல வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

துணைப்படை என்றால் யார்?

இந்தச் சொல்லை நாட்டுக்கு நாடு வெவ்வேறு ஆட்களுக்குப் பாவிக்கிறார்கள். குழப்பம் முதலில் அங்கேதான் தொடங்குகிறது. இந்தியப் பத்திரிகையில் துணை இராணுவம் என்றால் மத்திய சேமக் காவல் படை, எல்லைப் பாதுகாப்புப் படை போன்றவை. சீருடை, சம்பளப் பட்டியல், ஓய்வூதியம் எல்லாம் உள்ள அரச உத்தியோகம். வட அயர்லாந்தில் அதே சொல் அரசுக்கு எதிராகச் சண்டை பிடித்த குழுவையும் குறிக்கும், பிரித்தானிய ஆட்சிக்கு ஆதரவாக ஆயுதம் தூக்கிய குழுவையும் குறிக்கும். கொலம்பியாவில் கெரில்லாக்களை அழிக்கவென்று நிலச்சுவாந்தர்களும் கொக்கேயின் முதலாளிகளும் வளர்த்த தனியார் படைகளுக்கு அந்தப் பெயர். நமது பக்கத்தில் ஆமியோடு சேர்ந்து நின்ற தமிழ்க் குழுக்களை ஒட்டுக்குழு என்று திட்டுவதற்கு அது ஒரு மரியாதையான மாற்றுப்பெயர். வெளிநாட்டுச் செய்தியாளர் சிலர் நமது சிறப்பு அதிரடிப்படையையே துணைப்படை என்று எழுதுவார்கள். அது பொலிஸின் ஒரு பிரிவு.

இந்தக் கட்டுரைக்கு ஒரு வரைவிலக்கணம் போதும். முறையான இராணுவத்துக்கு வெளியே நின்றுகொண்டு, இராணுவம் போலவே ஆயுதமும் கட்டளை வரிசையும் வைத்திருக்கும் அமைப்பைத் துணைப்படை என்போம். அது அரசோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதுதான் ஆளுக்கு ஆள் வேறுபடும்.

நமது வயற்காரருக்கு இதை விளக்குவது இலகு. போடியாரையும் முல்லைக்காரனையும் நினைத்துப் பாருங்கள். காணி போடியாருடையது. வாடியில் கிடப்பவன், தண்ணீர் மறிப்பவன், வேலையாட்களை அதட்டுபவன் முல்லைக்காரன். சாக்கு, மண்வெட்டி, களஞ்சியத் திறப்பு எல்லாம் அவன் கையில். ஊரார் போடியாரைப் பார்க்காமலே அவனுக்குப் பயப்படுவார்கள். நாளைக்கு வாய்க்கால் சண்டையில் யாருடைய மண்டையாவது உடைந்தால் போடியார் என்ன சொல்வார்? "எனக்கென்ன தெரியும், அவன் செஞ்ச வேலை" என்பார். துணைப்படை வைத்திருக்கிற அரசுகளுக்கும் இந்த வசனம் நல்ல பாடம். செய்த வேலையின் பலன் அரசுக்கு வரும், பழி குழுவோடு நின்றுவிடும்.

எல்லாத் துணைப்படையும் கள்ளப்படை இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அம்பாறை எல்லைக் கிராமங்களில் போர்க்காலத்தில் ஊர்காவல் படை இருந்தது. 2006 இல் அதைச் சிவில் பாதுகாப்புத் திணைக்களமாக மாற்றினார்கள். இன்றைக்கு அதே ஆட்களில் பலர் யானை வேலிக்குக் காவல் நிற்கிறார்கள். அந்த ஊர்களில் சிலருக்கு அன்று ஊர்காவல் படை என்றால் உயிர், பக்கத்து ஊர்க்காரருக்கு அதே பெயர் நடுக்கம். இரண்டும் உண்மை.

கசிப்பும் துவக்கும்

கள்ள ஆயுத வியாபாரம் என்றதும் நமது மனதில் ஓடுகிற காட்சி ஒன்று இருக்கிறது. நடுச்சாமம், தோணி, கறுப்புச் சட்டை, பெட்டி நிறையக் காசு. இதில் காசைத் தவிர மற்றது பெரும்பாலும் கற்பனை.

கசிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பற்றைக்குள் பரல் வைத்துக் காய்ச்சும்போதே அது கள்ளச் சாராயம். பிறப்பிலேயே சட்டவிரோதம். துவக்கு அப்படிப் பிறப்பதில்லை. கட்டுத்துவக்கு போன்ற ஊர்த் தயாரிப்புகளை விட்டுவிட்டால், உலகத்தில் குழுக்களின் கையில் இருக்கிற துவக்குகளில் பெரும்பகுதி ஏதோ ஒரு நாட்டின் தொழிற்சாலையில், அந்த நாட்டு அரசின் அனுமதியோடு, இலக்கம் அடித்து, பில் போட்டு வெளியே வந்தவை. பிறகு வழியில் எங்கோ ஓரிடத்தில்தான் அவை கள்ளத் துவக்காக மாறுகின்றன. ஆகவே "யார் கடத்தினான்" என்று தொடங்குவதை விட, "எந்த இடத்தில் மாறியது" என்று தேடினால் சீக்கிரம் விடை வரும்.

அந்த இடம் பெரும்பாலும் ஒரு கடதாசி.

இதற்கு நல்ல உதாரணம் நமது ஆற்று மணல். லொறியில் மணல் ஏற்ற பெர்மிட் வேண்டும். எந்த இடத்தில் அள்ளுவது, எத்தனை கியூப், எங்கே கொண்டுபோவது, எந்தத் திகதி என்று அதில் இருக்கும். சோதனைச் சாவடியில் பொலிஸ்காரர் மணலைப் பார்ப்பதில்லை, கடதாசியைப் பார்க்கிறார். மணலைப் பார்த்து என்ன செய்வது, எல்லா மணலும் மணல்தானே! இதற்குள் என்னென்ன விளையாட்டு நடக்கும் என்று செங்கலடி, கிரான் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. ஒரே பெர்மிட்டில் நாலு லோட் ஓடும். பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு என்று எடுத்த பெர்மிட்டில் ஏற்றிய மணல் யாரோ ஒருவரின் மேல்மாடிக்குப் போகும். இலக்கத்தைச் சுரண்டி மாற்றுவார்கள். கையெழுத்து வைக்கிறவரையே கையில் போட்டுக்கொள்வதும் உண்டு.

ஆயுத வியாபாரத்திலும் இதே விளையாட்டுகள்தான்.

இறுதிப் பயனாளர் சான்றிதழ்: உலகத்தின் மணல் பெர்மிட்

ஒரு நாடு ஆயுதம் விற்கும்போது, வாங்குகிற நாட்டிடமிருந்து ஒரு கடிதம் கேட்கும். "இந்த ஆயுதத்தை எங்கள் படைதான் பாவிக்கும், வேறு ஆளுக்குக் கைமாற்ற மாட்டோம்" என்று அந்த நாட்டு அதிகாரி கையெழுத்து வைத்துத் தர வேண்டும். இதுவே இறுதிப் பயனாளர் சான்றிதழ். இந்தக் கடதாசி இருந்தால் ஏற்றுமதி அனுமதி கிடைக்கும், கப்பலில் ஏற்றலாம், காப்புறுதி எடுக்கலாம், துறைமுகத்தில் மறிக்க மாட்டார்கள். அப்படிப் புறப்பட்ட ஆயுதம் கடதாசியில் உள்ள ஆளுக்குப் போகாமல் வேறு கைக்குப் போவதைத் திசைதிருப்பல் என்பார்கள்.

நமக்குத் தெரிந்த கதையே இருக்கிறது. 1994 இல் உக்ரேனிலிருந்து 60 தொன் வெடிமருந்து புறப்பட்டது. ஐம்பது தொன் ரிஎன்ரி, பத்துத் தொன் ஆர்டிஎக்ஸ். காட்டிய சான்றிதழ் பங்களாதேஷ் பாதுகாப்பு அமைச்சின் பெயரில் இருந்தது. போலி. சரக்குப் போய்ச் சேர்ந்தது விடுதலைப் புலிகளிடம். அடுத்த வருடம், 1995 டிசம்பர் 17 இரவு, மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்தில் அன்டனோவ் விமானம் ஒன்று நூற்றுக்கணக்கான ஏகே துவக்குகளைப் பரசூட்டில் போட்டுவிட்டுப் போனது. அவை பல்கேரியாவில் வாங்கப்பட்டவை. அங்கே காட்டிய கடதாசியிலும் பங்களாதேஷ்தான். பாவம், அந்த நாட்டின் இலச்சினையை யார் யாரெல்லாம் பாவித்தார்கள்!

போலிக் கடதாசி மட்டும்தான் வழி என்று நினைக்கக் கூடாது. 1991 முதல் 1995 வரை ஆர்ஜென்டினா 6,500 தொன் ஆயுதம் விற்றது. பனாமாவுக்கும் வெனிசுவேலாவுக்கும் என்று ஜனாதிபதியே கையெழுத்து வைத்த ஆணைகள் இருந்தன. சரக்கு போனது குரோவேசியாவுக்கும் ஈக்குவடோருக்கும். ஆணை அசல், கையெழுத்து அசல், சேருமிடம் மட்டும் பொய். 1997 இல் இலங்கை இராணுவத்துக்கென்று சிம்பாப்வேயில் கட்டளை கொடுத்த 32,400 மோட்டார் குண்டுகளின் கதை இன்னொரு விதம். அங்கே வாங்குகிற ஆள் உண்மையான ஆள், தேவையும் உண்மையான தேவை. கப்பலில் ஏற்றியதும் சரக்குப் புலிகளிடம் போய்விட்டது. யாருக்கு எதிராக வாங்கினார்களோ அவர்களிடமே!

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ஆயுதம் சட்டப்படி பிறக்கிறது, ஒரு கடதாசியைப் பிடித்துக்கொண்டு பயணம் செய்கிறது, கடதாசி சொல்லும் இடமும் கப்பல் போகும் இடமும் பிரியும்போது அது கள்ள ஆயுதமாகிறது. இனித் துணைப்படை எங்கே உள்ளே வருகிறது என்று பார்க்கலாம்.

ஒட்டர்லூ கப்பல்

ஒரு துணைப்படை நாடு கடந்து ஆயுதம் வாங்கிய கதைகளில் இவ்வளவு துல்லியமாக வெளியே வந்தது குறைவு. அமெரிக்க நாடுகள் அமைப்பு விசாரித்து 2003 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டதால்தான் நமக்குத் தெரியும்.

கொலம்பியாவில் 1997 இல் பல குழுக்கள் சேர்ந்து கொலம்பிய ஐக்கிய தற்காப்புப் படை என்று ஒன்றை அமைத்தன. பெயரில் தற்காப்பு, செயலில் கிராமம் கிராமமாகப் படுகொலை. இவர்களுடைய வேர் பழையது. 1968 இல் கொண்டுவந்த ஒரு சட்டம் பொதுமக்களுக்கு ஆயுதம் கொடுக்க இராணுவத்துக்கு இடம் கொடுத்தது. ஊரைக் காக்கவென்று கொடுத்த துவக்கு முப்பது வருடத்தில் ஒரு தனிப்படையாக வளர்ந்து நின்றது. ஊர்காவல் படை இருந்த ஊர்க்காரர் இந்த வரியை இரண்டு தரம் வாசிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பக்கத்தில் நிக்கரகுவா. அங்கே உள்நாட்டுப் போர் முடிந்து பழைய ஏகே-47 துவக்குகள் பொலிஸ் களஞ்சியத்தில் குவிந்து கிடந்தன. குவாத்தமாலா ஆயுத வியாபாரக் கம்பனி ஒன்று, பழையதைத் தாருங்கள், புதிய கைத்துப்பாக்கியும் சிறிய இயந்திரத் துப்பாக்கியும் தருகிறோம் என்று பேசியது. பழைய பித்தளைக்குப் புதிய அலுமினியச் சட்டி தருகிற வியாபாரம் போல. பொலிஸுக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. அந்த ஏகேக்களை வாங்குவதற்குப் பனாமாவில் இருந்த ஒரு தரகர் ஆள் பிடித்துக் கொடுத்தார். வாங்குகிறவர் பனாமா நாட்டுப் பொலிஸ் என்று கொள்வனவுக் கட்டளை வந்தது. நிக்கரகுவா அதிகாரிகள் அதைப் பார்த்துச் சரி என்றார்கள். யாரும் பனாமா பொலிஸுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, "நீங்கள்தான் கேட்டீர்களா?" என்று விசாரிக்கவில்லை. அந்த ஒரு அழைப்பு எடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கட்டளை போலி.

2001 நவம்பரில் ஒட்டர்லூ என்ற கப்பல் 3,000 க்கும் மேற்பட்ட துவக்குகளையும் இலட்சக்கணக்கான சன்னங்களையும் ஏற்றிக்கொண்டு பனாமாவுக்கு என்று புறப்பட்டது. பனாமாவுக்குப் போகவில்லை. கொலம்பியாவின் துர்போ துறைமுகத்தில் போய் நின்றது. அங்கே சுங்கத்துக்குக் காட்டிய கடதாசியில் சரக்கின் பெயர்: பிளாஸ்டிக் பந்துகள்.

கொள்கலன்கள் இறங்கியது சிக்கீட்டா என்ற அமெரிக்க வாழைப்பழக் கம்பனியின் உள்ளூர்க் கிளை வைத்திருந்த இறங்குதுறையில். அந்தக் கம்பனி இந்தத் துணைப்படைக்கு வருடக்கணக்காகப் பணம் கொடுத்துவந்ததை 2007 இல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு 2.5 கோடி டொலர் அபராதம் கட்டியது. துவக்குகள் போய்ச் சேர்ந்த பிறகு துணைப்படையின் தலைவர் கார்லோஸ் கஸ்தானியோ பத்திரிகைப் பேட்டியில் இதைத் தன்னுடைய பெரிய சாதனையாகவே சொல்லிக்கொண்டார்.

இதில் எத்தனை பேர் கள்ளர்? தரகரும் துணைப்படையும் கள்ளர். நிக்கரகுவா பொலிஸ், கப்பலுக்கு எண்ணெய் அடித்தவர், கொள்கலன் தூக்கிய கிரேன்காரர், சுங்கத்தில் முத்திரை குத்தியவர் ஆகியோரில் பெரும்பாலானோர் தங்கள் அன்றாட வேலையைத்தான் செய்தார்கள். நடுச்சாமமும் கறுப்புச் சட்டையும் தேவைப்படவே இல்லை. பகல் வெளிச்சத்தில், பில்லோடு நடந்தது.

தரகர் ஏன் பிடிபடுவதில்லை?

ஆயுதத் தரகர் என்பவர் ஆயுதத்தைக் கையால் தொடாதவர். விற்கிறவரையும் வாங்குகிறவரையும் கப்பலையும் வங்கியையும் சேர்த்துவைத்துக் கூலி எடுப்பவர். நமது கலியாணத் தரகர் மாப்பிள்ளை வீட்டில் வசிப்பதில்லையே, அதுபோல இவர் இருக்கிற நாடு ஒன்று, கம்பனி பதிந்த நாடு இன்னொன்று, சரக்குப் போவது வேறெங்கோ.

லியோனிட் மினின் என்பவரை 2000 ஓகஸ்டில் இத்தாலியின் மிலான் அருகே ஒரு ஹோட்டல் அறையில் பிடித்தார்கள். கூடவே கட்டுக்கட்டாக ஆயுத வியாபாரக் கடதாசிகள். உக்ரேனிலிருந்து ஐவரி கோஸ்டுக்கு என்று ஏற்றிய சரக்கு லைபீரியாவுக்குப் போயிருந்தது. லைபீரியா அப்போது ஆயுதத் தடையின் கீழ் இருந்த நாடு. ஆயுதத் தடை என்றால், இந்த நாட்டுக்கு அல்லது இந்தக் குழுவுக்கு யாரும் ஆயுதம் கொடுக்கக் கூடாது என்று ஐநா பாதுகாப்புச் சபை போடுகிற உத்தரவு. ஆதாரம் கட்டிலில் கிடந்தது. ஆனாலும் ஆயுத வழக்கில் இத்தாலிய நீதிமன்றத்தால் அவரைத் தண்டிக்க முடியவில்லை. அந்த ஆயுதம் எதுவும் இத்தாலி மண்ணைத் தொடவில்லை, ஆகவே எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று ஆகிவிட்டது. கொக்கேயின் வைத்திருந்ததற்குத்தான் உள்ளே போனார்.

காசு

துணைப்படைக்கு வரி வசூலிக்கிற திறைசேரி இல்லை. ஆகவே பக்கத்தில் எது கிடைக்கிறதோ அதுதான் காசு. கொலம்பியாவில் கொக்கேயின். வட அயர்லாந்தில் 1987 இல் பிரித்தானிய ஆதரவுக் குழுக்கள் போர்ட்டடவுன் என்ற ஊரில் வங்கி ஒன்றைக் கொள்ளையடித்து, அந்தக் காசில் லெபனானிலிருந்து செக் தயாரிப்புத் துவக்குகளை இறக்கின. அந்தத் துவக்குகளிடம் பின்னால் திரும்பி வருவோம்.

இன்றைக்குச் சூடானில் நடப்பது இதைவிடப் பெரிய கணக்கு. டார்பூரில் கிராமங்களை எரித்த ஜன்ஜவீட் குழுக்களிலிருந்து 2013 இல் அரசே விரைவு ஆதரவுப் படை என்ற துணைப்படையை அமைத்தது. 2017 இல் அதற்குச் சட்ட அந்தஸ்தும் கொடுத்தது. அதே வருடம் அந்தப் படை ஜெபல் ஆமிர் தங்கச் சுரங்கத்தைக் கைப்பற்றியது. முல்லைக்காரனுக்குச் சொந்தமாக வயலும் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு போடியாரை ஏன் மதிக்கப்போகிறான்? 2023 ஏப்ரல் 15 அன்று அந்தப் படையும் இராணுவமும் ஒன்றையொன்று சுடத் தொடங்கின. டார்பூருக்கு 2004 முதல் ஐநா ஆயுதத் தடை இருக்கிறது. இருந்தும் ஆயுதம் வந்துகொண்டே இருக்கிறது. சாட் நாட்டின் விமான நிலையம் ஒன்றின் வழியாக ஐக்கிய அரபு இராச்சியம் இந்தப் படைக்கு ஆயுதம் அனுப்புவதாக எழுந்த குற்றச்சாட்டுகள் நம்பத்தக்கவை என்று ஐநா நிபுணர் குழு 2024 ஜனவரியில் சொன்னது. அந்த நாடு அதை மறுக்கிறது.

வாங்காமலே வருகிற ஆயுதம்

நமது ஊர் வாதங்களில் ஒரு பெரிய பிழை இங்கே இருக்கிறது. துணைப்படை என்றால் சந்தைக்குப் போய் ஆயுதம் வாங்கும் என்று நினைக்கிறோம். பல குழுக்களுக்கு அந்தத் தேவையே வருவதில்லை. பின்னால் நிற்கிற அரசு சும்மா கொடுக்கும். அப்புறம் அது எங்கே போகும் என்பதை அந்த அரசாலும் சொல்ல முடியாது.

1989 ஐ நினைவுள்ளவர்கள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இன்னும் இருக்கிறார்கள். இந்திய இராணுவம் திரும்பிப் போகப்போகிறது என்று தெரிந்ததும், இந்தியாவும் அதனோடு நின்ற தமிழ்க் குழுக்களும் தமிழ்த் தேசிய இராணுவம் என்று ஒன்றை அவசர அவசரமாக உருவாக்கினார்கள். ஆள் சேர்த்த விதம் ஊருக்கே தெரியும்: பிள்ளைபிடி. ரியூசனுக்குப் போன பெடியன், கடைக்குப் போன பெடியன், பஸ்ஸில் இருந்து இறக்கிய பெடியன். தலையை மொட்டையடித்து, சில வாரப் பயிற்சி கொடுத்து, கையில் இந்தியத் துவக்கைக் கொடுத்தார்கள். அந்த வருடக் கடைசியில் இந்திய இராணுவம் முதலில் அம்பாறையை விட்டு நகர்ந்தது. புலிகள் அந்த முகாம்களை ஒவ்வொன்றாக அடித்து எடுத்தார்கள். செத்தது பிள்ளைகள். துவக்குகள் புலிகளிடம் போயின.

நாடு கடந்து வந்த ஆயுதம், ஒரு துணைப்படையின் கையில் சில மாதம் இருந்து, யாருக்கு எதிராகக் கொடுக்கப்பட்டதோ அந்தக் கைக்கே போய்ச் சேர்ந்தது. இதில் தரகர் இல்லை, போலிக் கடதாசி இல்லை, ஒரு சதம் காசு கைமாறவில்லை. ஆயுதம் திசைமாறுவதில் இதுவும் ஒரு வகை. என் கணக்கில் இதுதான் பெரிய வகை.

சுருக்கமாக, துணைப்படைக்கு ஆயுதம் வருகிற வாசல் மூன்று: பின்னால் நிற்பவர் கொடுப்பது, சண்டையில் பறிப்பது, கடதாசி காட்டி வாங்குவது. வெளியே போகிற வாசலும் இவைதான், ஒன்று கூடுதலாக. போர் முடிந்ததும் சில்லறையாக விற்பது. கொழும்புப் பக்கம் பாதாளக் குழுக் கொலைச் செய்திகளில் ரி-56 என்ற சீனத் துவக்கின் பெயர் ஓயாமல் வருவது சும்மா இல்லை. ஒரு போருக்காக வாங்கிய துவக்கு அந்தப் போரோடு சாவதில்லை. உலகத்தில் 100 கோடிக்கு மேல் சுடுகலன்கள் இருப்பதாக ஜெனீவாவில் உள்ள சிறு ஆயுத ஆய்வு நிறுவனம் 2018 இல் கணக்கிட்டது. அதில் இராணுவங்களிடம் உள்ளவை 13.3 கோடி மட்டுமே.

மாட்டுக்குறியும் துவக்குக்குறியும்

மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் மேய்கிற மாடுகளைப் பார்த்திருப்பீர்கள். தொடையில் சுட்ட குறி இருக்கும். களவுபோன மாடு எங்கே நின்றாலும் குறியைப் பார்த்து இன்ன ஆளின் பட்டி என்று சொல்லிவிடலாம். கள்ளன் குறிக்கு மேல் குறி சுடுவான். அனுபவமுள்ள பண்ணையாளன் கீழே உள்ள பழைய வடுவைத் தடவிக் கண்டுபிடிப்பான்.

துவக்குக்கும் அப்படிக் குறி உண்டு. செய்த தொழிற்சாலை, நாடு, தொடர் இலக்கம். இதைப் பிடித்துக்கொண்டு தொழிற்சாலையிலிருந்து கைமாறிய வழியைத் தேடுவதற்குப் பெயர் தடமறிதல். ஆயுதங்களில் குறி அடிக்க வேண்டும், பதிவு வைத்திருக்க வேண்டும், இன்னொரு நாடு கேட்டால் சொல்ல வேண்டும் என்று 2005 இல் ஐநா பொதுச்சபை ஒரு ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டது.

குறி பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு அந்தப் போர்ட்டடவுன் துவக்குகளே சாட்சி. அவை 1988 ஜனவரியில் வட அயர்லாந்துக்குள் வந்தன. ஒரு பங்கைப் பொலிஸ் உடனேயே பிடித்தது, மிச்சம் குழுக்களிடம் போனது. ஆறு வருடம் கழித்து, 1994 ஜூன் 18 இரவு, லொகினிலண்ட் என்ற சின்ன ஊரின் மதுக்கடையில் உலகக் கிண்ண உதைபந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்த ஆறு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். 2016 இல் பொலிஸ் முறைப்பாட்டு விசாரணையாளரின் அறிக்கை வந்தது. கொலைக்குப் பாவித்த துவக்கு அந்த இறக்குமதியில் வந்ததுதான் என்று அது சொன்னது. பொலிஸில் சிலர் கொலைகாரருக்கு ஒத்துழைத்திருந்தார்கள் என்றும் சொன்னது. வங்கியில் கொள்ளைபோன காசு, லெபனான் துவக்கு, மதுக்கடையில் விழுந்த ஆறு உடல்கள் எல்லாம் ஒரே கயிற்றில் கோத்து நின்றன. அதற்கு இருபத்திரண்டு வருடம் பிடித்தது.

சர்வதேசச் சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். ஆயுத வணிக ஒப்பந்தம் என்று ஒன்று 2013 ஏப்ரல் 2 அன்று ஐநா பொதுச்சபையில் நிறைவேறியது. ஆதரவாக 154 நாடுகள், எதிராக 3. வாக்களிக்காமல் ஒதுங்கிய 23 நாடுகளில் இலங்கையும் இந்தியாவும் இருந்தன. விற்கும் முன் சரக்கு எங்கே போகும் என்று யோசி, தரகரைக் கட்டுப்படுத்து, திசைதிருப்பலைத் தடு என்றெல்லாம் அதில் இருக்கிறது. அரசு அல்லாத குழுக்களுக்கு ஆயுதம் கொடுக்கவே கூடாது என்று நேராக ஒரு வரி இல்லை. அந்த வரியைப் போட்டால் முல்லைக்காரன் வைத்திருக்கிற போடியார்கள் கையெழுத்து வைப்பார்களா என்ன?

பெரியப்பாவின் குழி

சரி, பெரியப்பாவின் துவக்குக்கு வருகிறேன். அதிரடிப்படைக்காரர் வந்து அதைத் தூக்கிச் சாக்கில் வைத்து, ஒருவர் துணியால் சேற்றைத் துடைத்தார். இரும்பின் இடது பக்கத்தில் ஒரு சின்ன முக்கோணம், அதற்குள் 66 என்று இருந்தது. சீனாவின் 66 ஆம் இலக்கத் தொழிற்சாலைக் குறி. ரி-56. பக்கத்தில் தொடர் இலக்கத்தின் முதல் சில எண்கள் தெரிந்தன, கடைசி எண்கள் துருவோடு உதிர்ந்திருந்தன. அவர் தெரிந்ததை மட்டும் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

இலங்கை இராணுவத்தின் கையில் இருந்ததும் ரி-56 தான், பொலிஸிடம் இருந்ததும் அதுதான். புலிகள் முகாம்களை அடித்து எடுத்ததும் அதுதான், ஆமியோடு நின்ற குழுக்கள் தோளில் கொழுவிக்கொண்டு நம் சந்தியில் நின்றதும் அதுதான். இந்த ஒரு துவக்கே நாலு பேரின் தோளிலும் மாறிமாறிக் கிடந்திருக்கலாம். அன்று எங்களுக்குள் வாதாடிய மூன்று பேர் சொன்னதும் சரியாகவே இருக்கலாம், வேறு வேறு வருடங்களில்.

அன்று நான் ஏதோ சொல்லிச் சமாளித்து முடிக்கும்போது பெரியப்பா கேட்டுக்கொண்டிருக்கவில்லை. குழி வெட்டிய பெடியனோடு நின்று, அந்த இடத்தை மூடிவிட்டுப் பத்தடி தள்ளி, மாமரத்துக்கு அங்கால வெட்டினால் கூலி எவ்வளவு கூடும் என்று பேரம் பேசிக்கொண்டிருந்தார்.